வெள்ளச்சியைக் கூப்பிட்ட குரல்

மலைக் கிளினிக்குக்குப் புறப்படும் முன் புது நர்ஸ்கள் நீங்கள் ஆறு பேரும் என்னைப் பார்க்க வந்தீர்கள். கரடி வருமா சிஸ்டர், பாம்பு வருமா சிஸ்டர், பேய் உண்டா சிஸ்டர் என்று மாற்றி மாற்றிக் கேட்டீர்கள். மழைக்காலத்தில் ஜீப் ஏறாவிட்டால் நோயாளியை எப்படிக் கீழே கொண்டு வருவது என்று ஒருத்தி கூடக் கேட்கவில்லை. போகட்டும், உங்கள் வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

கரடி வரும். பலா பழுக்கும் காலத்தில் நீங்கள் அதன் வழிக்குப் போகாமல் இருந்தால் அது உங்கள் வழிக்கு வராது. பேயைப் பற்றிக் கேட்டபோது மட்டும் நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அது தப்பு. ஜவ்வாது மலையில் ஒரு கார்த்திகை மாதம் ஒரு பேய் நடமாடியது உண்மை. அது யார் என்று எனக்குத் தெரியும். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

அப்போது எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்து நாலு வயது. நர்ஸ் படிப்பு முடித்துக் கையோடு மலைக்கு அனுப்பப்பட்டிருந்தேன். கிளினிக் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஓடு போட்ட இரண்டு அறை, நாலு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. வியாழக்கிழமை தோறும் அமிர்தி வழியாக ஜீப் ஏறி வரும், அதில் டாக்டரம்மா வருவார். மற்ற ஆறு நாளும் நானும் பச்சையம்மாவும்தான். பச்சையம்மா அந்த மலையிலேயே பிறந்தவள், என்னைவிட நாலைந்து வயது பெரியவள். கிளினிக்கைப் பெருக்குவதிலிருந்து பிரசவத்துக்குத் தண்ணீர் காய்ச்சுவது வரை எல்லாம் அவள்தான்.

நான் பரம்பரை வேதக்காரி. திருப்பத்தூரில் எங்கள் வீட்டில் ஜெபம் இல்லாமல் சோறு கிடையாது. ஆனால் படிப்பின் இரண்டாம் வருடத்தில் அம்மா படுக்கையில் விழுந்தார். நான் ஆண்டவரிடம் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. அம்மா போய்விட்டார். அதற்குப் பிறகு நான் எதையும் கேட்பதில்லை. காலையில் கிளினிக் திறந்ததும் ஜெபம் சொல்வேன், யூனிபார்முக்குக் கஞ்சி போடுகிற மாதிரி. விறைப்பாக, சுருக்கமில்லாமல் இருக்கும். உள்ளே ஆள் கிடையாது. இது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரமே பச்சையம்மா எனக்கு இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, எந்த ஊருக்குப் போனாலும் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் செருப்புக் காலோடு போகக் கூடாது. ஊர் சாமிக்கு ஆகாது. கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு போக வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம்.

"சிஸ்டர், வூட்டாண்ட போயி ஒரு தபா கூப்ட்டுட்டு நின்னுடாதீங்க. பேரைச் சொல்லி மூணு தபா கூப்டுங்க. மூணாவதுக்குத்தான் எங்க ஜனங்க ஏன்னு பதில் குடுப்பாங்க."

"இன்னாத்துக்கு மூணு?"

"காத்து கருப்பு ரெண்டு தபாதான் கூப்டும். மூணாவது கூப்ட அதால முடியாது. அவசரப்பட்டு ரெண்டாவதுலயே ஏன்னு கேட்டுட்டா, கேட்டவங்கள இஸ்துக்கினு பூடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பேய்க்குக் கணக்கு வைத்துக் கூப்பிட நான் என்ன பேய்க்குப் பயந்தவளா? உயிருள்ள விசுவாசம் இல்லாவிட்டாலும் வீம்பு நிறைய இருந்தது எனக்கு. எந்த வீட்டுக்குப் போனாலும் வேண்டுமென்றே இரண்டு முறை மட்டும் கூப்பிடுவேன். பதில் வராவிட்டால் நேரே உள்ளே நுழைந்துவிடுவேன். அவர்கள் திடுக்கிட்டு எழுவார்கள். பார்த்தீர்களா, இரண்டு முறை கூப்பிட்டது நான்தான், பேய் இல்லை என்பேன். அதையே என் விசுவாசத்துக்கு ஒரு சாட்சி என்றுகூட நினைத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போது கூசுகிறது.

மேல்கொல்லை என்று ஒரு ஊர். கிளினிக்கிலிருந்து ஒன்றரை மணி நேர நடை. எல்லைக் கல்லைத் தாண்டினால் முதல் வீடு சடையனுடையது. அவன் பெண்டாட்டி வெள்ளச்சிக்கு அது முதல் பிள்ளை, எட்டாம் மாதம். பெயருக்கு ஏற்ற நிறம் கிடையாது, அதைச் சொல்லி அவளே சிரிப்பாள். பச்சையம்மாவோடு போய்ப் பார்த்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தது. அழுத்தினால் விரல் பள்ளம் அப்படியே நின்றது. பிரஷரும் ஏறியிருந்தது. ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்ப வேண்டிய கேஸ்.

"நாளைக்கே கிளினிக்குக்கு வந்துடணும். வியாழக்கிழமை ஜீப்புல கீழ அனுப்பறேன்" என்றேன்.

"சாமை அறுப்பு நடக்குது சிஸ்டர். ரெண்டு நாள் கயிச்சி வர்றேன். கண்டிப்பா வர்றேன்" என்றாள். அவள் மாமியார் பெருமாயியும் தலையை ஆட்டினாள்.

இரண்டு நாள் கழிந்தது, மூன்றாம் நாளும் போயிற்று. வரவில்லை. நாலாம் நாள் நானே கூட்டி வரலாம் என்று புறப்பட்டேன். பச்சையம்மாவுக்குக் காய்ச்சல், தனியாகப் போனேன். அன்று விடியும்போதே பனிமூட்டம். பதினோரு மணிக்குக்கூட விலகவில்லை. பத்தடிக்கு அப்பால் மரம் இருக்கிறதா ஆள் இருக்கிறதா என்று தெரியாது. தூறல் வேறு. வழியில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை, என் ஷூச் சத்தம் மட்டும் எனக்குப் பின்னால் யாரோ வருவதுபோல் கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது. பயந்தவள் என்று ஒப்புக்கொள்ளப் பிடிக்காமல் வேகமாக நடந்தேன்.

எல்லைக் கல்லிடம் வந்து நின்றேன். ஊர் முழுக்கக் களத்துமேட்டுக்குப் போயிருந்தது. சடையன் வீட்டுக் கூரை மூட்டத்துக்குள் மங்கலாகத் தெரிந்தது. உள்ளே போக வேண்டுமானால் ஷூவைக் கழற்ற வேண்டும். வார் நனைந்து இறுகியிருந்தது. விரல் மரத்துப்போயிருந்தது. கீழே சேறு. குனிந்து ஒரு முறை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. நிமிர்ந்து அங்கிருந்தே கூப்பிட்டேன்.

"வெள்ளச்சீ!"

பதில் இல்லை.

"வெள்ளச்சீ!"

கொஞ்சம் நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு பெருமூச்சு விடுகிற நேரம். களத்துக்குப் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். சாயங்காலம் பதிவேட்டில் எழுதினேன்: வீடு பூட்டியிருந்தது.

மலையில் எந்த வீட்டுக்கும் பூட்டு கிடையாது. மூங்கில் தட்டியைச் சாத்தி வைப்பார்கள், அவ்வளவுதான். அந்த வரியை எழுதும்போது எனக்கு அது தெரியும்.

மறுநாள் மத்தியானம் வெள்ளச்சிக்கு ஜன்னி கண்டு கைகால் இழுத்தது. கழியில் தொட்டில் கட்டித் தூக்கி வருவதற்குள், வழியிலேயே, அவளும் வயிற்றிலிருந்த பிள்ளையும் போய்விட்டார்கள். பாதி வழியில் திருப்பிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டார்கள். எங்களுக்கு மூன்றாம் நாள்தான் சேதி வந்தது. பச்சையம்மா ஊசிகளைக் கொதிக்கப் போட்டுக்கொண்டே அதைச் சொன்னாள். அவள் முதுகு எனக்குத் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"கூப்ட்டுச்சாம் சிஸ்டர்."

"எது?"

"செத்துப்போறதுக்கு மொத நாளு. எல்லாம் களத்துல கீறாங்க. அது மட்டும் வூட்ல படுத்துக்கினு இருந்துச்சாம். தலைவலியாம். மூட்டத்துக்குள்ளேர்ந்து பொம்பள கொரலு, வெள்ளச்சீன்னு. எழுந்து தட்டி சந்துல பாத்துச்சாம். எல்லைக் கல்லாண்ட வெள்ளையா ஒண்ணு நின்னுச்சாம். மங்கலா. கால் இல்லியாம் சிஸ்டர், இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்லியாம். திரும்பவும் கூப்ட்டுச்சாம். இது வாயைப் பொத்திக்கினு மூணாவதுக்குக் காத்துக்கினு இருந்துச்சாம். மூணாவது வர்ல."

என் யூனிபார்மைப் பார்த்தேன். வெள்ளைப் புடவை. குனிந்து என் கால்களைப் பார்த்தேன்.

"சாயங்காலம் மாமியாருக்காரி வந்ததும், நான் கெட்டிக்காரி அத்தே, ஏன்னு கேக்கலன்னு சொல்லிச் சிரிச்சிச்சாம். ஆனா விடலியே, பாருங்க. பதில் சொல்லாமலே இஸ்துக்கினு பூடுச்சே. மன்சங்களா இருந்தா எல்லையத் தாண்டி வந்திருப்பாங்க இல்ல? அது தாண்டல. காத்து கருப்பு எல்லையத் தாண்டாது."

பிள்ளைகளே, ஒரு பேய்க் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்டுக்கொண்டே வரும்போது அந்தப் பேய் நாம்தான் என்று தெரிந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. காது அடைத்துவிட்டது. அடுப்பில் தண்ணீர் கொதிப்பதுகூடக் கேட்கவில்லை. அதற்கு மேலே ஒன்று இருந்தது, அது நர்ஸாகிய எனக்கு மட்டும் தெரிந்தது. தலைவலி, கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தது. அது மூட்டத்தால் மட்டும் வந்த மங்கல் இல்லை. ஜன்னி வருவதற்கு முன் கண் அப்படித்தான் ஆகும். வாசலில் நின்று பார்த்திருந்தால் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன். அன்றே தூக்கி வந்திருக்கலாம்.

பச்சையம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "அன்னிக்கு நீங்க மேல்கொல்லைக்குப் போனீங்களா சிஸ்டர்?" என்றாள்.

"போனேன். வீடு சாத்தியிருந்தது" என்றேன்.

அவள் மறுபடியும் ஊசிகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வியாழக்கிழமை டாக்டரம்மா பதிவேட்டைப் புரட்டினார். என் வரியில் விரல் நின்றது. "மலையில எந்த வீட்டுக்குப் பூட்டு இருக்கு?" என்றார். தட்டி சாத்தியிருந்தது டாக்டரம்மா என்றேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். பக்கத்தைத் திருப்பிவிட்டார். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் காலை ஜெபம் சொல்ல வாயைத் திறந்தபோது சத்தம் வரவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று பச்சையம்மாவிடம் சொன்னேன். அதுவும் பொய்.

அதோடு முடிந்திருந்தால் நான் அந்தப் பொய்யோடு காலத்தை ஓட்டியிருப்பேன். உள்ளதைச் சொல்கிறேன், ஓட்டியிருப்பேன். ஆனால் மேல்கொல்லையில் ஊர் கூடி ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். மூன்று முறைக் கணக்கையே மீறி ஆளைக் கொண்டுபோன பேய் அது. இனி எத்தனை முறை கூப்பிட்டாலும் யாரும் பதில் சொல்லக் கூடாது. தெரிந்த குரலாக இருந்தாலும் கூடாது. பூசாரி நாள் பார்த்துக் கழிப்புக் கழிக்கும் வரை வெளியாள் யாருக்கும் தட்டி திறக்கக் கூடாது.

"சிஸ்டர் மாதிரியே வந்து நின்னாலும் நிக்குமாம்" என்றாள் பச்சையம்மா, எங்கோ பார்த்துக்கொண்டு.

சடையனின் தங்கை லச்சுமி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து அதே வீட்டில்தான் இருந்தாள். ஒன்பதாம் மாதம். வெள்ளச்சியைப் பார்க்கப் போன அன்று அவளையும் பார்த்திருந்தேன். அவள் காலிலும் லேசான வீக்கம் இருந்தது. அது என் நோட்டில் இருந்தது. அவளைப் பார்த்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

பச்சையம்மா வரமாட்டேன் என்றாள். தனியாகவே போனேன். அன்றும் மூட்டம்தான். எல்லைக் கல்லில் ஷூவைக் கழற்றினேன், இந்த முறை வார் உடனே கழன்றது. வெறுங்காலோடு ஊருக்குள் நடந்தேன். எல்லாக் கூரையிலும் புகை கசிந்துகொண்டிருந்தது. எல்லாத் தட்டியும் சாத்தியிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் முள்ளுக்கொத்தும் வேப்பிலையும் கட்டித் தொங்கின. ஒரு ஆளைக் காணோம். நாய்களைக்கூட உள்ளே இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. உடனே யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள், அழுகை பாதியில் நின்றது.

சடையன் வீட்டு வாசலில் நின்று லச்சுமீ என்றேன். மூன்று முறை கூப்பிட்டேன். பிறகு நாலு, ஐந்து. நான் கூப்பிடக் கூப்பிட அந்த ஊர் இன்னும் அமைதியாகிக்கொண்டே போயிற்று. தட்டிக்குப் பின்னால் மூச்சு வாங்குவது கேட்டது. சந்தில் ஒரு கண் தெரிந்தது. "நான்தான், கிளினிக் சிஸ்டர்" என்றேன்.

"பூடு" என்றது உள்ளே இருந்து ஒரு குரல். கெஞ்சுகிற குரல். "இன்னும் இன்னா வோணும் உனக்கு? ஒண்ண எடுத்துக்கினு பூட்டியே. பூடு."

நான் ஓடிவந்துவிட்டேன். மலைமேல் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. உயிரோடு இருக்கும்போதே என்னைப் பேய் என்று சொல்லி அனுப்பினார்கள், அதில் பொய்யும் இல்லை.

ஊரைத் தாண்டி மூங்கில் காட்டுக்குள் வழி இறங்கும் இடத்தில்தான் அது நடந்தது. என்னை நம்பச் சொல்லி நான் உங்களை வற்புறுத்தவில்லை. எனக்குப் பின்னாலோ மேலேயோ, எங்கிருந்து என்று சொல்லத் தெரியவில்லை, யாரோ கூப்பிட்டார்கள்.

"சுகிர்தா."

மலையில் எல்லாருக்கும் நான் சிஸ்டர்தான். என் பெயர் பச்சையம்மாவுக்குக்கூடத் தெரியாது. கால் அப்படியே நின்றுவிட்டது. மூங்கில் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் நின்ற பிறகு மறுபடியும் வந்தது, மெதுவாக, அவசரமில்லாமல்.

"சுகிர்தா."

வேதக்காரி, பேய்க்குப் பயப்படாதவள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். புடவை நனைந்து உடம்போடு ஒட்டியது. இன்னும் ஒரே ஒரு முறை கூப்பிடு, நான் ஏன் என்று கேட்கிறேன் என்று எனக்குள் கெஞ்சினேன். வரவில்லை. அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. வெள்ளச்சி இப்படித்தான் நின்றிருப்பாள். தட்டியைப் பிடித்துக்கொண்டு, தலை வெடிக்கிற வலியோடு, இது மனுஷிக் குரலாக இருக்கட்டும், இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று. நான் திரும்பி நடந்துகொண்டிருந்தேன்.

அந்தச் சேற்றில் முழங்கால் போட்டேன். "ஏன் ஆண்டவரே" என்றேன். அம்மா செத்த பிறகு நான் உள்ளிருந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான். "நான்தான் அது. நான்தான் கூப்பிட்டேன். சோம்பேறித்தனத்தால் ஒரு பெண்ணைச் சாகவிட்டேன், எழுத்திலே பொய் சொன்னேன். என்னை என்ன செய்வீரோ செய்யும்." சத்தம் போட்டு அழுதேன்.

வானம் திறக்கவில்லை. மூட்டம் கலையவில்லை. ஆனால் என்னை முழுதும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கிறார், தெரிந்தும் விலகிப் போகவில்லை என்பது மட்டும் எனக்குத் திட்டமாகத் தெரிந்தது. பரம்பரையாக வந்த மதம் அன்றுதான் என் சொந்த விசுவாசமாயிற்று. கூப்பிட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. மூங்கில் காற்று என்று நீங்கள் சொன்னால் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். அன்று நான் பதில் சொன்னேன், அது போதும் எனக்கு.

எழுந்து, கிளினிக் பக்கம் போகாமல் மேல்கொல்லைக்கே திரும்பினேன். இந்த இடத்தை உங்களுக்காக அழுத்திச் சொல்கிறேன். நாளைக்குப் போகலாம், டாக்டரம்மாவைக் கேட்டுப் போகலாம், பச்சையம்மாவைத் துணைக்கு வைத்துப் போகலாம் என்று மனசு மூன்று நல்ல யோசனை சொல்லிற்று. மூன்றும் பயம் சொன்ன யோசனை. தப்பைச் சொல்ல நல்ல நேரம் பார்க்க ஆரம்பித்தால் அந்த நேரம் வரவே வராது.

ஊர் நடுவில் நின்றேன். சுற்றிலும் சாத்தின தட்டிகள். யார் முகமும் தெரியாது.

"வெள்ளச்சிய கூப்பிட்டது நான்தான்" என்று கத்தினேன். "பேய் இல்ல. காத்து கருப்பு இல்ல. எல்லைக் கல்லாண்ட நின்னது நான். ஷூவக் கழட்டச் சோம்பப்பட்டு ரெண்டு தடவை கூப்பிட்டுட்டுத் திரும்பிட்டேன். உள்ள வந்திருந்தா அவளைக் காப்பாத்தியிருக்கலாம். வீடு பூட்டியிருந்ததுன்னு பொய் எழுதினேன். தப்பு என்னோடது. லச்சுமிக்கும் அதே வியாதி வரலாம். எங்கிட்ட கோவம்னா என்னை அடிங்க. அவளைப் பார்க்க வுடுங்க."

அசைவே இல்லை. பிறகு சடையன் வீட்டுத் தட்டி விலகியது. அவன் வெளியே வந்தான், கையில் களைக்கொத்து. என் காலைப் பார்த்தான். வெறுங்கால், சேறு. வெகுநேரம் அதையே பார்த்தான்.

"மூணாவது தபா ஏன் கூப்டல?" என்றான்.

பிறகு எல்லைக் கல்லைக் காட்டினான்.

"அன்னிக்குக் கூப்ட்ட மாதிரி கூப்டு" என்றான். "எங்கம்மாவும் தங்கச்சியும் கேக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

அவன் பின்னால் வர, எல்லைக் கல்லுக்குத் திரும்பிப் போய் நின்றேன். புதைத்துப் பத்து நாளே ஆன பெண்ணின் பேரைச் சொல்லி, அதே குரலில் கூப்பிட்டேன். வெள்ளச்சீ. குரல் மூட்டத்துக்குள் போய் எங்கோ முட்டித் திரும்பி வந்தது. வெள்ளச்சீ. உள்ளிருந்து பெருமாயி வீறிட்டாள். அன்று நான் கூப்பிட்டதைக் களத்துமேட்டிலிருந்து அவளும் லச்சுமியும் தூரத்தில் கேட்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

"நிறுத்தாத" என்றான் சடையன். "இன்னொரு தபா."

கூப்பிட்டேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த அமைதியில் நானும் அவனும், உள்ளே பெருமாயியும் காத்திருந்தோம். எதற்காகக் காத்திருந்தோம் என்று கேட்காதீர்கள். அவன் கண் அந்தத் தட்டியின் மேலேயே இருந்தது. அது அசையவில்லை. அவன் கொத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதான். பத்து நாளில் அவன் அழுதது அதுதான் முதல் முறை என்று பிறகு தெரிந்தது. பேய் கொண்டுபோனவளுக்காக அழக் கூடாதாம், அழுதால் அது திரும்பி வருமாம்.

ஒவ்வொரு தட்டியாகத் திறந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை. யாரும் என்னோடு பேசவும் இல்லை. பெருமாயி வாசலில் வந்து நின்று உள்ளே கை காட்டினாள். லச்சுமிக்குப் பிரஷர் ஏறியிருந்தது, தலைவலி அன்று காலையில்தான் தொடங்கியிருந்தது. தொட்டில் கட்டினார்கள். முன்கழியைச் சடையனே தோளில் வைத்துக்கொண்டான். மறுநாள் வியாழன், ஜீப் வந்தது. கீழே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் பிழைத்தார்கள்.

ஜீப் கிளம்பும் முன்பே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் பெட்டியையும் கட்டி வைத்திருந்தேன். அவர் பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "அழிக்காதீங்க. அடிச்சிட்டுப் பக்கத்துல நடந்ததை எழுதுங்க. கையெழுத்துப் போடுங்க" என்றார். எழுதினேன். பிறகு பெட்டியைக் காட்டி, "அதைப் பிரிச்சு வைங்க. உங்களை ஓடவிடமாட்டேன். மேல்கொல்லையை இனிமேலும் நீங்கதான் பார்க்கணும்" என்றார். அதைவிடப் பெரிய தண்டனையும் எனக்கு இல்லை, பெரிய தயவும் இல்லை. உங்களில் யாராவது நாளைக்கு மேலதிகாரியாக ஆனால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்துத் தாயும் பிள்ளையும் மலை ஏறி வந்தார்கள். நான் பார்க்கப் போனேன். லச்சுமி தூங்கிக்கொண்டிருந்தாள். பெருமாயி பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் தொப்புளைத் துடைத்து மருந்து வைத்தேன். பையை மூடும்போது கேட்டாள்.

"உங்க சாமிகிட்ட சொன்னியா, நீ செஞ்சத?"

"சொன்னேம்மா."

"மன்னிச்சிச்சா?"

"மன்னிச்சிட்டாரு. நான் நம்பறேன்."

"அதுக்கு இன்னா, மன்னிக்கும்" என்றாள். "அது வூட்லயா சாவு வுழுந்துச்சி?"

அவர் வீட்டிலும் ஒரு சாவு விழுந்தது அம்மா, ஒரே மகன், அதுவும் எங்களைப் போன்றவர்கள் கையால் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சிறு வயதிலிருந்து எத்தனையோ பேருக்கு ஒப்பித்த விஷயம்தான். அன்று அவள் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். முதல் முறையாக அந்தச் சாவு எனக்கு வலித்தது.

"நான் இன்னும் மன்னிக்கல" என்றாள் பெருமாயி. "மன்னிப்பனோ இன்னாவோ, தெரியல."

"சரிம்மா" என்றேன். எழுந்து வாசலுக்கு வந்தேன். முதுகுக்குப் பின்னால் பிள்ளை சிணுங்கிற்று. அவள் அதைத் தட்டிக்கொடுத்தாள்.

"தொப்புளு இன்னும் ஈரமா கீது" என்றாள். "நாளைக்கும் வா."

மறுநாள் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். பதினோரு வருடம் போனேன்.